சில்வர் பீச்சில் இரண்டு வருடமாக ஒரே படம் எடுக்கிறேன், என்ன புத்தகம் படிக்கலாம்?

கெடிலக்கரை, கடலூர்:

வணக்கம். இந்த இணைய மன்றத்தில் நீங்கள் எழுதுவதை ஒரு வருடத்துக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. வீடு மஞ்சக்குப்பத்தில். தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழைய நிக்கான் கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், கொஞ்சம் ஆடுகிற டிரைபாட், மூன்றையும் சேர்த்து வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு சில்வர் பீச் இருக்கிற தேவனாம்பட்டினம் போய்விடுவேன். "தினம் கடற்கரைக்குப் போறியே, வரும்போது நாலு மீனாவது வாங்கிட்டு வா" என்று அம்மா சொல்லிப் பார்த்துவிட்டு இப்போது சொல்வதையும் விட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். நேற்று இரவு கணினியில் பழைய படங்களை எல்லாம் வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். எழுநூற்றுச் சொச்சம் படம். கீழே மணல், நடுவில் கடல், மேலே ஆரஞ்சு வானம், இடது ஓரத்தில் ஒரு ஃபைபர் படகு. எழுநூறும் அதே. ஒன்றில் படகு நீலம், இன்னொன்றில் படகு சிவப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்று கேமராவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிற அமைப்புகள் எல்லாம் ஓரளவு தெரியும். யூடியூபில் பார்க்காத வீடியோ இல்லை, ஆனால் பத்து நிமிட வீடியோவில் ஏழு நிமிடம் பை, ஃபில்டர், சட்டை விளம்பரம். நிதானமாக உட்கார்ந்து படிக்கிற மாதிரி நிலக்காட்சிப் படங்களைப் பற்றி நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். ஆங்கிலம் படிப்பேன், மெதுவாக. தமிழில் இருந்தால் இன்னும் சந்தோஷம். கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் வீட்டில் கணக்குச் சொல்ல முடியாது.


ஊசுடுக்காரன், புதுச்சேரி:

தம்பி, எழுநூறும் ஒன்று என்று உனக்கே தெரிந்துவிட்டதே, அதுவே பெரிய விஷயம். எனக்கு அது தெரியப் பதினைந்து வருடம் ஆனது. நான் ஸ்டூடியோ வைத்திருந்தவன், இருட்டறையில் கை கறுத்தவன், அதனால் கொஞ்சம் பழைய ஆள் மாதிரிதான் சொல்லுவேன்.

நிலக்காட்சி என்றாலே எல்லாரும் அமெரிக்கப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் எழுதிய மூன்று தொகுதிகளைச் சொல்வார்கள், தி கேமரா, தி நெகட்டிவ், தி பிரிண்ட். நல்ல புத்தகங்கள்தான், நான் பாடம் படித்த மாதிரி படித்தேன். ஆனால் உனக்கு இப்போது அவை வேண்டாம். இரண்டாவது தொகுதியில் ஃபிலிமைக் கழுவும் நேரம், மருந்துக் கணக்கு என்று போகும், நீ நடுவிலேயே மூடி வைத்துவிடுவாய். அதே மனிதர் இறப்பதற்கு முந்தைய வருடம், 1983இல், எக்ஸாம்பிள்ஸ் என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். நாற்பதே படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அன்று எங்கே நின்றேன், என்ன லென்ஸ், எதைத் தவறவிட்டேன், அச்சுப் போடும்போது என்ன மாற்றினேன் என்று ஒரு சின்னக் கட்டுரை. கதை மாதிரி படிக்கலாம்.

அதில் அமெரிக்காவின் ஹெர்னாண்டஸ் ஊருக்கு மேலே நிலா எழுகிற படம் ஒன்று உண்டு, 1941இல் எடுத்தது. மனிதர் அன்று முழுக்க அலைந்து ஒரு படமும் சரியாக வராமல் காரில் திரும்பிக்கொண்டிருக்கிறார். வழியில் ஒரு சின்ன ஊர், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மேல் கடைசி வெயில், அதற்கு மேலே நிலா. வண்டியை நிறுத்தி அந்தப் பெரிய கேமராவைத் தூக்கி நிறுத்துகிறார், பார்த்தால் வெளிச்சமானியைக் காணோம். தேடிக்கொண்டிருந்தால் வெயில் போய்விடும். நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம், அதை வைத்தே கணக்குப் போட்டு லென்ஸ் துளையை எஃப் 32 என்று சின்னதாக வைத்து, ஒரு நொடி திறந்து எடுத்தார். இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் தட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது. ஒரே நெகட்டிவ்தான். அதிலிருந்து நாற்பது வருடத்துக்கு அச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார், பிந்தைய அச்சுகளில் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். ஒரு படத்தை எடுத்த பிறகும் அதில் எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது என்பது எனக்கு அந்தப் பக்கங்களில்தான் உறைத்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் கரையில் நிலா கடலில் இருந்துதான் எழுகிறது. நீ சூரியனை மட்டும் எழுநூறு தடவை எடுத்திருக்கிறாய். பௌர்ணமிக்கு முந்தின நாள் நிலா ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாகவே, அதாவது சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்துவிடும். உன் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும் சாய்ந்த வெயில் படகின் மேல் விழும், எதிரே கடலுக்கு மேல் நிலா. ஆடம்ஸுக்குக் கிடைத்த அதே அமைப்பு. பௌர்ணமி அன்றே போனால் நிலா எழும்போது தரை இருட்டத் தொடங்கிவிடும், படகு கறுப்பாகிவிடும், நிலா வெள்ளைப் பொட்டாகிவிடும். ஒரு சங்கடம், தேவனாம்பட்டினத்தில் மேற்கே மரமும் கட்டடமும் மறைப்பதால் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் மணலில் நிழல் விழுந்துவிடும். கெடிலம் கடலில் சேருகிற இடத்தின் பக்கம் போனால் மேற்கு கொஞ்சம் திறந்திருக்கும்.

இன்னொன்று, ஏமாந்துவிடாதே. உன் 55 மி.மீ. லென்ஸில் நிலாவின் உருவம் சென்சார் மேல் அரை மில்லிமீட்டர்தான் விழும். சின்னதாகத்தான் இருக்கும். இருக்கட்டும், ஆடம்ஸ் படத்திலும் நிலா சின்னதுதான்.


உப்பனாறு, கடலூர் முதுநகர்:

எல்லாரும் புத்தகம் புத்தகம் என்று இரண்டாயிரத்தைக் கரைக்கச் சொல்வீர்கள். என் யோசனை, அந்தக் காசுக்கு பெட்ரோல் போடுங்கள். தேவனாம்பட்டினத்தை விட்டு நகராமல் இருந்தால் எழுநூறு என்ன, ஏழாயிரமும் ஒரே படமாகத்தான் இருக்கும். வீராணம் கரையில் ஒரு தடவை சாயங்காலம் போய் நில்லுங்கள், கிழக்குக் கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால் சூரியன் இறங்கும், வந்தியத்தேவன் குதிரை போன கரை. பிச்சாவரம் இருக்கிறது. கேப்பர் மலைச் செம்மண் இருக்கிறது. பெருமாள் ஏரி இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் காலையில் போனால் மரம் எல்லாம் தரையோடு படுத்துக் கிடக்கும், அதை ஒருவனும் எடுப்பதில்லை. புத்தகம் படித்து எவனும் நீந்தக் கற்றதில்லை.


கெடிலக்கரை:

ஊசுடு சார், நிலா விஷயம் என் மண்டையில் உதிக்கவே இல்லை, ரொம்ப நன்றி. உப்பனாறு அண்ணன் சொல்வதும் சரிதான், ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், வீராணம் போனாலும் கீழே கரை, நடுவில் தண்ணீர், மேலே ஆரஞ்சு வானம் என்றுதானே எடுப்பேன்? வெளிநாட்டுப் படங்களில் மலை, பனி, பாறை, அருவி என்று என்னென்னவோ இருக்கிறது, இங்கே எல்லாம் தட்டை. அந்தப் புத்தகங்களில் உள்ளது நமக்குப் பொருந்துமா?


நிழல்கணக்கு, வில்லியனூர்:

கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் கேள்வி. நான் பள்ளியில் புவியியல் சொல்லித் தருகிறவன், கேமரா பிடிப்பது சனி ஞாயிறு மட்டும்.

இங்கிலாந்துக்காரர்களின் நிலக்காட்சிப் புத்தகங்களில் இரண்டு எனக்கு நெருக்கம். சார்லி வெய்ட் எழுதிய தி மேக்கிங் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஃபோட்டோகிராஃப்ஸ், 1992இல் வந்தது. அப்புறம் ஜோ கார்னிஷின் ஃபர்ஸ்ட் லைட், 2002. ஒரு படத்தின் சட்டத்துக்குள் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதை இவர்கள் யோசிக்கிற விதம் அருமை. ஆனால் நான் அவற்றை அப்படியே நம்பிப் போய் முதல் வருடம் முழுக்கச் சூடு பட்டேன். பொன்னொளி நேரம் என்று படித்துவிட்டு டிரைபாடை நிதானமாக விரித்து, ஃபில்டரைத் துடைத்து மாட்டி, ஒரு டீயும் குடித்துவிட்டு நிமிர்ந்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

காரணம் எளிது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டில் இருந்து ஏறக்குறைய 12 பாகை வடக்கே. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக ஏறும், மணிக்கு 15 பாகைக்குச் சற்றே குறைவு. சாய்ந்த பொன்னிற ஒளி என்று சொல்வது சூரியன் அடிவானத்தில் இருந்து ஆறு பாகை உயரத்துக்குள் இருக்கும் வரை என்று வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது 25 நிமிடம். லண்டனில் அது சாய்வாக ஏறும், மார்ச்சிலேயே 40 நிமிடம் கிடைக்கும். டிசம்பரில் அங்கே நடுப்பகலிலும் சூரியன் 15 பாகைக்கு மேல் ஏறாது, அதாவது நாள் முழுக்க அவர்களுக்குச் சாய்ந்த வெயில்தான். அதே நாளில் கடலூரில் நடுப்பகல் சூரியன் 55 பாகையில் நிற்கும். ஏப்ரல் 20 வாக்கில் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், கம்பத்தை நட்டால் நிழலே விழாது, மறுபடி ஆகஸ்ட் 20 வாக்கில். அந்தப் புத்தகங்களைப் படிக்கும்போது நேரத்தை எல்லாம் ஏறக்குறைய பாதியாக்கிக்கொண்டு படியுங்கள், இருட்டில் போய்த் தயாராக நில்லுங்கள்.

கடலும் அப்படித்தான். வற்று நீர் நேரம் பார்த்துப் போ, பாறையும் மணல் வரிகளும் வெளியே தெரியும் என்று எழுதியிருப்பார்கள். பிரிஸ்டல் கால்வாயில் நீர் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது, அங்கே அது சரி. நம் கரையில் பெரிய ஏற்றத்தின்போதே ஒரு மீட்டர் அளவுதான். ஏற்றவற்றம் பார்த்து அலாரம் வைத்த நாட்களை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆனால் அவர்களுக்கு இல்லாதது நமக்கு இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகி மழை விட்டும் விடாமலும் இருக்கும் நாட்களில் கடலுக்கு மேல் வரும் மேகம், மார்கழியில் ஊசுட்டேரி மேல் நிற்கும் பனி, இதற்கெல்லாம் புத்தகத்தில் பக்கம் இல்லை. சூரியன் உதிக்கும் இடமும் வருடம் முழுக்க ஒன்றல்ல, ஆனியில் வடகிழக்கே எழுந்தது மார்கழியில் ஏறக்குறைய 48 பாகை தெற்கே தள்ளி எழும். அதே படகு, அதே மணல், வெளிச்சம் வருகிற பக்கமே மாறிவிடும். எழுநூறு படத்தையும் மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள், நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றாக இருக்காது.


சுரங்கத்து மண், நெய்வேலி:

தட்டை என்று சொன்னதும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி நகரியத்தில். எங்கள் ஊரில் மலை இல்லை என்று யார் சொன்னது? சுரங்கத்தில் இருந்து அள்ளிக் கொட்டிய மண் மலையாக நிற்கிறது, சின்ன வயதில் அதை உண்மையான மலை என்றே நினைத்திருந்தேன்.

எனக்குப் பிடித்த புத்தகத்தில் அழகான படமே கிடையாது, படமே குறைவு. ராபர்ட் ஆடம்ஸ் எழுதிய பியூட்டி இன் ஃபோட்டோகிராஃபி, 1981. மேலே சார் சொன்ன ஆடம்ஸ் வேறு, இவர் வேறு, உறவும் இல்லை. சின்னப் புத்தகம், கட்டுரைகள்தான், ஆனால் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருக்கும். இவர் கொலராடோவில் புதிதாக முளைத்த வீட்டு மனைகள், பெட்ரோல் நிலையம், காலி ரோடு இதையெல்லாம் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். தி நியூ வெஸ்ட் என்று 1974இல் அது நூலாக வந்தது. அடுத்த வருடம் ரோசெஸ்டரில் நியூ டோபோகிராஃபிக்ஸ் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள், மனிதன் கைவைத்து மாற்றிய நிலம்தான் பொருள். பனிமலை அருவி எதுவும் இல்லை. கிடங்குச் சுவர், கார் நிறுத்துமிடம், சுரங்கக் கோபுரம். அதில் இவரும் இருந்தார், ஸ்டீஃபன் ஷோர் என்பவர் மட்டும் வண்ணத்தில் காட்டினார். இதைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஊரைக் கேமராவில் பார்க்கவே எனக்குத் தைரியம் வந்தது. அதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும் என்றால் பஸ் ஏறி ஊட்டிக்குப் போவேன்.

வண்ணம்தான் வேண்டும் என்றால் கனடாக்காரர் எட்வர்ட் பர்ட்டின்ஸ்கியின் மேனுஃபாக்சர்டு லேண்ட்ஸ்கேப்ஸைத் தேடுங்கள். சுரங்கம், கல்குவாரி, வங்கதேசத்துக் கரையில் கப்பல் உடைக்கிற இடம். விலை அதிகம், வாங்க வேண்டாம், எங்காவது கிடைத்தால் புரட்டுங்கள். அவர் படங்கள் அழகாக இருக்கின்றன என்பதுதான் எனக்கு உறுத்தல், அது என் பிரச்சினை.

கடலூரில் இதற்கு இடமா இல்லை? ரசாயன ஆலைகள் இருக்கிற சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் உப்பனாற்றங்கரை ஒன்று போதும். பெருமாள் ஏரியை மேலே ஒருவர் சொன்னார், அந்த ஏரிக்கு எங்கள் சுரங்கத்தில் இறைத்துவிடும் தண்ணீரும் வருகிறது, தெரிந்துகொண்டு போய் எடுத்தால் அது வேறு ஏரி. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்த பிறகு முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நான் ஒரு படம் கூட எடுக்கவில்லை, அப்போது என் கண்ணுக்கு அது நிலக்காட்சியாகத் தெரியவில்லை, அழிவாக மட்டும்தான் தெரிந்தது. இன்றும் அது வருத்தம்தான். ஒரு எச்சரிக்கை, சுரங்கத்துக்குள்ளேயோ ஆலை வாசலிலேயோ அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள், வெளியே பொதுச் சாலையில் இருந்து எடுக்கவே எவ்வளவோ இருக்கிறது.


உப்பனாறு:

சிப்காட் கரையில் நின்று படம் எடுக்கச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான். எங்கள் வீடு அங்கிருந்து நடை தூரம். மூக்கைப் பொத்திக்கொண்டு எடுக்க வேண்டும், அதையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறாரா உங்கள் ஆடம்ஸ்?


சுரங்கத்து மண்:

மூக்கைப் பொத்தினால் டிரைபாடை எந்தக் கையால் பிடிப்பது, அதனால் எழுதவில்லை.


சிறுவெண்காக்கை, சிதம்பரம்:

தமிழில் கிடைத்தால் சந்தோஷம் என்று கேட்டிருந்தீர்களே, அதை எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். நான் தமிழாசிரியை, கேமரா என்று பார்த்தால் கைப்பேசிதான், ஆகவே எஃப் எண் எல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, அப்புறம்தான் மரம், பறவை, மனிதர் என்று கருப்பொருள் பக்கம் போகிற இலக்கணம் தொல்காப்பியம். எந்த நிலத்துக்கு எந்த நேரம் என்றே சொல்லியிருக்கிறது. மருதத்துக்கு வைகறை, முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு, அதாவது பொழுது சாயும் நேரம். நீங்கள் நெய்தலுக்கு வைகறையில் மட்டும் போய் நிற்கிறீர்கள். சூரியன் எதிரே வருவதால் படகு, கட்டுமரம், ஆள் எல்லாம் கறுத்துத்தான் தெரியும். சாயும் பொழுதில் நம் கிழக்குக் கரையில் ஒளி பின்னாலிருந்து வரும், கடல் வேறு நிறம் காட்டும். இலக்கணம் எழுதியவர் கேமராவுக்காக எழுதவில்லை என்பது தெரியும், ஆனாலும் ஒரு தடவை அவர் சொன்ன நேரத்தில் போய்ப் பாருங்களேன்.

இப்போது புத்தகம். ஐங்குறுநூறு வாங்குங்கள். உ.வே.சா. 1903இல் பதிப்பித்தது, ஔவை துரைசாமிப்பிள்ளை உரையை எங்கள் ஊர் அண்ணாமலைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. திணைக்கு நூறு என்று ஐந்நூறு பாட்டு, எல்லாம் மூன்று முதல் ஆறு வரிதான், மெதுவாகப் படித்தாலும் ஓடிவிடும். நெய்தல் நூறும் அம்மூவனார் பாடியது. அதில் சிறுவெண்காக்கைப் பத்து என்று ஒரு பகுதி, என் பெயரைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள். பத்துப் பாட்டும் ஒரே வரியில் தொடங்கும், பெரிய கடலின் கரையில் ஒரு சின்ன வெள்ளைக் காக்கை. பத்துத் தடவையும் அதே கரை, அதே காக்கை. ஆனால் ஒவ்வொன்றிலும் சொல்கிறவளின் மனசு வேறு இடத்தில் இருக்கிறது. வெள்ளாங்குருகுப் பத்தில் முதல் இரண்டு வரியுமே பத்துப் பாட்டிலும் மாறாது. உங்கள் எழுநூறு படத்தைப் பற்றிப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே இடத்தில் நிற்பது குற்றமாக எனக்குத் தெரியவில்லை. அம்மூவனார் காக்கையை மாற்றவே இல்லையே.

உரைநடை வேண்டும் என்றால் மா. கிருஷ்ணன். எழுத்தாளர் மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், காட்டைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர், தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்த ஒரு கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் வந்தது. படம் எடுப்பது எப்படி என்று அதில் ஒரு வரி தேட வேண்டாம். ஆனால் ஒரு பறவையை, ஒரு மரத்தை எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பது தெரியும். பாஸ்கரனே எழுதிய இன்னும் பிறக்காத தலைமுறைக்காக என்ற நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் புத்தகம் என்பதால் மூன்றும் உங்கள் இரண்டாயிரத்துக்குள் அடங்கும், மீனுக்கும் மிஞ்சும்.

பிச்சாவரம் வந்தால் சொல்லுங்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போகும்போது வேரைத்தான் எல்லாரும் எடுப்பார்கள், எடுங்கள். தில்லை மரத்தின் கிளையை மட்டும் ஒடித்துவிடாதீர்கள், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும்.


நிழல்கணக்கு:

அம்மா, நீங்கள் சொன்னதும் சுகிமோட்டோ நினைவு வந்தது. ஜப்பானியர், 1980இலிருந்து உலகத்தின் பல கடல்களை ஒரே மாதிரி எடுத்துக்கொண்டிருக்கிறார். பாதி தண்ணீர், பாதி வானம், நடுவில் அடிவானம், கறுப்பு வெள்ளை. படகு கூடக் கிடையாது. சீஸ்கேப்ஸ் என்று அதற்கு நூலும் உண்டு. முதலில் பார்க்கும்போது இதை என் மகனே எடுப்பானே என்று தோன்றியது. நாலைந்து படம் தாண்டிய பிறகு பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. கெடிலக்கரை, உங்கள் ஃபைபர் படகை எடுத்துவிட்டால் நீங்களும் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.


பழைய துறைமுகம், புதுச்சேரி:

வாங்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. படப் புத்தகத்தை இணையத்தில் மலிவு விலை பார்த்து வாங்கி நான் ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன். புத்தகம் வந்தது, அட்டை எல்லாம் சரி, உள்ளே திறந்தால் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி சாம்பல் பூசிய படங்கள். திருட்டுப் பதிப்பு. திருப்பி அனுப்ப முடியாது என்றுவிட்டார்கள். கதைப் புத்தகம் என்றால் எப்படியோ படித்துவிடலாம், இதில் நிழலின் அடர்த்தியைப் பார்க்கத்தானே வாங்குகிறோம், அதுவே இல்லை என்றால் எதற்கு? பாதி விலைக்கும் கீழே யாராவது விற்றால் விலகிப் போய்விடுங்கள். பழைய புத்தகம் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே மேல்.

அப்புறம் எங்கள் புதுச்சேரி ரோமன் ரோலன் நூலகம். 1827இல் தொடங்கியது, கடலூரில் இருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். பெரிய அளவுப் படப் புத்தகத்தை மேசை மேல் விரித்து ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அப்படியே நடந்து கடற்கரைக்குப் போய்விடலாம்.

என் பங்குக்கு ஒரே புத்தகம், மைக்கேல் ஃப்ரீமன் எழுதிய தி ஃபோட்டோகிராஃபர்ஸ் ஐ, 2007. நிலக்காட்சிக்கு மட்டும் என்று எழுதியது அல்ல, சட்டத்துக்குள் பொருட்கள் எப்படி ஒன்றை ஒன்று இழுக்கின்றன என்பதைப் படத்தின் மேல் கோடு போட்டே காட்டுவார். கெடிலக்கரையின் நோய்க்கு நேரான மருந்து அதுதான் என்பது என் எண்ணம். படகு எப்போதும் இடது ஓரத்தில் ஏன் நிற்கிறது என்று கேட்க வைக்கும். ரகுபீர் சிங்கையும் யாரும் சொல்லவில்லை, ஆச்சரியம். வண்ணத்தில் இந்தியாவை அவரைப் போல நெரிசலோடு எடுத்தவர் குறைவு, தமிழ்நாட்டுக்கு என்றே 90களில் ஒரு தனிப் புத்தகம் செய்தார். நிலம் மட்டும் தனியாக இருக்காது, நடுவில் ஒரு அம்பாசடர் கார் கதவோ ஆள் முதுகோ வந்துவிடும். நம் ஊரில் காலி நிலம் எங்கே இருக்கிறது?


கெடிலக்கரை:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. இரவு எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். நிழல்கணக்கு சார் சொன்னபடி படங்களை மாதவாரியாகப் பிரித்தும் பார்த்தேன். ஆனி மாதத்துப் படங்களில் சூரியன் படகுக்கு நேர் மேலே வருகிறது, மார்கழியில் வலது பக்கம் சட்டத்தை விட்டே வெளியே போய்விடுகிறது, அதை உள்ளே கொண்டுவர நான் ஒவ்வொரு தடவையும் இடம் மாறி நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். அதனால்தான் எல்லாம் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. இனி நான் நகரப் போவதில்லை, சூரியன் எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

முடிவு செய்தது இது. ஐங்குறுநூறும் மா. கிருஷ்ணனும் இந்த மாதம். மீதிக் காசைச் சேர்த்து வைத்து எக்ஸாம்பிள்ஸ் நல்ல பழைய பிரதி கிடைத்தால் வாங்குகிறேன். ஃப்ரீமனை நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன். சிப்காட் பக்கம் உப்பனாறு அண்ணன் கூட வந்தால் போகிறேன், தனியாகப் போகப் பயம்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம் கெடிலம் முகத்துவாரத்தில் நிற்பேன், வருகிறவர்கள் வரலாம். நிலா எழுந்ததும் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, எதற்கு வைப்பது, நிலாவுக்கா படகுக்கா?


ஊசுடுக்காரன்:

கடலை விட்டு எழும் முதல் சில நிமிடம் நிலா செம்மங்கலாகத்தான் இருக்கும், அப்போது படகுக்கு வை. கொஞ்சம் மேலே ஏறிப் பளிச்சென்று ஆனதும் நிலா வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொண்டு கேமரா பதிந்ததை அப்படியே வைக்கிற ரா ஃபைலில் எடு, படகின் நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஷட்டரை ஒரு நொடிக்கு மேல் விடாதே. காற்று அன்று கடலில் இருந்து வந்தால் பத்து நிமிடத்தில் லென்ஸ் மேல் உப்புப் படியும், துடைக்கத் துணி இரண்டு கொண்டு வா. நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் சரிவராது, மதியமே கிளம்பி வந்துவிடுகிறேன்.


உப்பனாறு:

நானும் வருகிறேன். புத்தகம் கொண்டு வர மாட்டேன், டீ கொண்டு வருகிறேன்.